புதுக்கோட்டையில் ரூ.2,000... சென்னையில் ரூ.4,000... சிஏ பயிற்சி மாணவரின் மீதிச் செலவு யார் தலையில்?

"பையன் என்ன பண்றான்?"

"ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கான்."

"சம்பளம் எவ்வளவு?"

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் சொந்தக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால், சிஏ படிக்கும் மாணவரின் பெற்றோர் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள். கூச்சம் மட்டும் காரணம் இல்லை. அந்தத் தொகையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நம்ப மாட்டார். புதுக்கோட்டை அளவிலான ஊரில் ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் தொழிற்பயிற்சியில் இருக்கும் சிஏ மாணவருக்கு, 2023-ல் வந்த புதிய விதிப்படி, முதல் ஆண்டில் தரவேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.2,000. அதே பயிற்சியைச் சென்னையில் செய்தால் ரூ.4,000.

ஒரே படிப்பு, ஒரே தேர்வு. தொகை மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது? இரட்டிப்புத் தொகை கிடைக்கும் சென்னைக்குப் போவது புத்திசாலித்தனமா, ஊரிலேயே இருப்பதா? புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் பி.காம் முடித்துவிட்டு சிஏ பக்கம் திரும்புபவர்கள் கையெழுத்துப் போடும் முன் பார்க்கவேண்டிய கணக்கு இது.

ஆர்ட்டிகிள்ஷிப் என்றால் என்ன?

பி.காம் மாணவர்கள் செய்யும் 'இன்டர்ன்ஷிப்' வேறு, சிஏ மாணவர்களின் 'ஆர்ட்டிகிள்ஷிப்' வேறு. முதலாவது பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும். ஒரு சான்றிதழ் கிடைக்கும், ரெஸ்யூமேவில் ஒரு வரி கூடும்.

இரண்டாவது, சட்டப்படி பதிவு செய்யப்படும் பயிற்சி. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் (ஐசிஏஐ) 1949-ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் உருவானது. அதன் விதிப்படி, தொழில் நடத்தும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் குறிப்பிட்ட காலம் பயிற்சி எடுக்காமல் யாரும் சிஏ ஆக முடியாது. தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

பயிற்சி தருபவரை 'பிரின்சிபல்' என்பார்கள். அவருக்கும் மாணவருக்கும் இடையே எழுத்துபூர்வ ஒப்பந்தம் உண்டு. பயிற்சி தொடங்கிய 30 நாட்களுக்குள் படிவம் 103 மூலம் ஐசிஏஐ-யில் பதிவு செய்ய வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் வேலை. மதிய உணவு இடைவேளை இதில் சேராது.

2023-ல் என்ன மாறியது?

2023 ஜூலை 1 முதல் ஐசிஏஐ-யின் புதிய கல்வி, பயிற்சித் திட்டம் அமலுக்கு வந்தது. மாணவர்களைப் பாதிக்கும் முக்கிய மாற்றங்கள் இவை:

• பயிற்சிக் காலம் 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்தது.

• முன்பு இன்டர்மீடியட்டில் ஒரு குரூப் முடித்தாலே பயிற்சியில் சேரலாம். இப்போது இரண்டு குரூப்பும், அதாவது 6 தாள்களும், தேறியிருக்க வேண்டும்.

• பி.காம் முடித்து நேரடியாக இன்டர்மீடியட்டுக்கு வருபவர்களுக்கும் இதே விதிதான். (காமர்ஸ் பட்டதாரிகளுக்கு 55 சதவீத மதிப்பெண் தேவை.)

• பயிற்சி முடிந்து 6 மாதம் கழித்துத்தான் ஃபைனல் தேர்வு எழுத முடியும்.

• குறைந்தபட்ச உதவித்தொகை இரட்டிப்பானது.

கடைசி வரிதான் அதிகம் பேசப்பட்டது. '100 சதவீத உயர்வு' என்றால் கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால், புதுக்கோட்டை போன்ற சிறிய ஊருக்குப் பழைய தொகை முதல் ஆண்டு ரூ.1,000, இரண்டாம் ஆண்டு ரூ.1,500, மூன்றாம் ஆண்டு ரூ.2,000. மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் ரூ.54,000. புதிய திட்டத்தில் முதல் ஆண்டு ரூ.2,000, இரண்டாம் ஆண்டு ரூ.3,000. இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து ரூ.60,000. மொத்தப் பயிற்சிக் காலத்தில் கூடுதலாகக் கைக்கு வருவது ரூ.6,000 மட்டுமே.

'ஒரு வருஷம் மிச்சமாச்சே' என்று கேட்கலாம். பாதி உண்மை. பழைய திட்டத்தில் பயிற்சியின் கடைசி 6 மாதத்திலேயே, அதாவது இரண்டரை ஆண்டில், ஃபைனல் எழுதலாம். இப்போது 2 ஆண்டுப் பயிற்சி, அதன் பிறகு 6 மாத இடைவெளி. இதுவும் இரண்டரை ஆண்டுதான். தேர்வு அறைக்குப் போகும் நாள் பெரிதாக மாறவில்லை. முன்பு வேலைக்கு நடுவே திருட்டுத்தனமாகப் படித்தவர்களுக்கு இப்போது படிப்பதற்கென்றே 6 மாதம் கிடைக்கிறது. இது பெரிய நிம்மதி. ஆனால், அந்த 6 மாதமும் உதவித்தொகை கிடையாது. வீட்டில் இருந்துதான் பணம் வரவேண்டும்.

மக்கள்தொகை ஏன் தொகையைத் தீர்மானிக்கிறது?

மாணவர் வழக்கமாக வேலை செய்யும் ஊரின் மக்கள்தொகையை வைத்து ஐசிஏஐ மூன்று பிரிவுகள் வைத்திருக்கிறது. 20 லட்சமும் அதற்கு மேலும் இருக்கும் நகரங்களில் ரூ.4,000, ரூ.5,000. நடுத்தர நகரங்களில் ரூ.3,000, ரூ.4,000. சிறிய ஊர்களில் ரூ.2,000, ரூ.3,000. சென்னை முதல் பிரிவு, திருச்சி இரண்டாவது, புதுக்கோட்டை மூன்றாவது.

2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 1.17 லட்சம். 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஆனாலும் பயிற்சி மாணவரின் தொகை ஒரு ரூபாய்கூட உயராது. விதி பார்ப்பது பெயர்ப்பலகையை இல்லை, தலை எண்ணிக்கையை. அதுவும் கடைசியாக வெளியான கணக்கெடுப்பின் எண்ணிக்கை. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்தான்.

இதன் தர்க்கம் எளிது. பெரிய நகரத்தில் வாழ்க்கைச் செலவு அதிகம், அங்குள்ள அலுவலகங்களின் வருமானமும் அதிகம். ஆகவே தொகையும் அதிகம். காகிதத்தில் சரியாகவே தெரிகிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்த விதி மாணவர் வேலை செய்யும் ஊரைப் பார்க்கிறது. அவர் எங்கிருந்து வருகிறார் என்பதைப் பார்ப்பதில்லை. மயிலாப்பூரில் பெற்றோர் வீட்டிலிருந்து அலுவலகம் போகும் மாணவருக்கும், அறந்தாங்கியிலிருந்து வந்து சென்னையில் ஹாஸ்டலில் தங்கும் மாணவிக்கும் ஒரே ரூ.4,000. முதலாமவருக்கு அது கைச்செலவு. இரண்டாமவருக்கு அது வாடகைக்கே பத்தாது.

அப்படியானால் எந்த ஊர் லாபம்?

இரண்டு ஆண்டுகளில் சென்னையில் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை ரூ.1,08,000. புதுக்கோட்டையில் ரூ.60,000. வித்தியாசம் ரூ.48,000. மாதக் கணக்கில் ரூ.2,000.

சொந்த ஊரைவிட்டுச் சென்னைக்குப் போய் தங்கி, சாப்பிட்டு, பஸ் ஏறி, மாதம் ரூ.2,000-ல் யாரும் சமாளித்துவிட முடியாது. வெறும் பணக்கணக்கில் பார்த்தால், புதுக்கோட்டை மாணவருக்கு ஊரிலேயே இருப்பதுதான் லாபம்.

நடுவில் ஒரு வழி உண்டு: திருச்சி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பஸ் பயணம். ரூ.3,000 கிடைக்கும், இரவு வீட்டுக்கு வந்துவிடலாம், ஐசிஏஐ-யின் கிளையும் அங்கே இருக்கிறது. ஆனால், கூடுதலாக வரும் ரூ.1,000 பஸ் டிக்கெட்டுக்கே போய்விடும். போக, தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ரோட்டில். ஃபைனலுக்குப் படிப்பவருக்குப் பணத்தைவிட அந்த நேரம்தான் பெரிய செலவு.

இவை எல்லாமே குறைந்தபட்சத் தொகைகள் என்பதை மறக்கக்கூடாது. இதற்குமேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. பெரிய தணிக்கை நிறுவனங்கள் இதைவிட அதிகம் கொடுப்பது உண்டு. சிறிய ஊர்களிலும் வேலை தெரிந்த மாணவருக்கு மனமுவந்து கூட்டிக் கொடுக்கும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். சேரும்போது கேட்பதில் தவறில்லை. கேட்கக் கூச்சப்பட்டால் இரண்டு ஆண்டுகளுக்கு அதே தொகைதான்.

பணம் போகட்டும், வேலை?

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையைவிடப் பெரிய கேள்வி இது. இரண்டு ஆண்டில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

சிறிய ஊர் அலுவலகத்தின் பலம், எல்லா வேலையும் எல்லோர் கைக்கும் வரும் என்பது. ஒரு மாதத்தின் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, நடுவில் டிடிஎஸ், வங்கிக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அறக்கட்டளைக் கணக்கு, அரிசி ஆலையின் ஸ்டாக். செப்டம்பர் 30 நெருங்கினால் வரித் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-க்குள் ரிட்டர்ன். (2025-ல் நடந்ததுபோல சில ஆண்டுகளில் இந்தத் தேதிகள் தள்ளிப்போகும்.) ஆதனக்கோட்டை முந்திரி வியாபாரியின் கணக்கைப் புரட்டும் மாணவர், கொள்முதல் முதல் ரிட்டர்ன் வரை ஒரு தொழிலை முழுசாகப் பார்த்துவிடுகிறார். அந்த வியாபாரியிடமே நேரில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

சென்னையின் பெரிய நிறுவனத்தில் இது தலைகீழ். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் தணிக்கைக் குழுவில் இருக்கலாம். ஆனால், ஒரு சீசன் முழுக்க ஸ்டாக் அல்லது கடனாளிகள் பட்டியல் என ஒரே பகுதியைத்தான் பார்க்க நேரிடலாம். அகலம் குறைவு, ஆழம் அதிகம்.

சிறிய ஊரின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கம்பெனித் தணிக்கை வாய்ப்பு குறைவு. வரித் தணிக்கையும் சுருங்கலாம். வியாபாரத்தில் விற்றுமுதல் ரூ.1 கோடியைத் தாண்டினால் வரித் தணிக்கை தேவை. ஆனால், ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு ரூ.10 கோடி. கடைகள் யுபிஐ-க்கு மாற மாற, முன்பு தணிக்கைக்கு வந்த சில கணக்குகள் இனி வராமல் போகலாம். அலுவலகத்தில் மிஞ்சுவது ஜிஎஸ்டி தாக்கலும் டேட்டா என்ட்ரியும் மட்டும் என்றால், மாணவர் தட்டச்சு கற்றுக்கொள்வார், தணிக்கை கற்றுக்கொள்ள மாட்டார்.

இந்தத் தலைமுறைக்கு ஒரு கூடுதல் சுமையும் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம், 2025 வந்திருக்கிறது. அமல் 2026 ஏப்ரல் 1 முதல். 819 பிரிவுகள் 536 ஆகச் சுருங்கின. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி-யிலும் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத விகிதங்கள் போய்விட்டன. பழைய ஆண்டுகளின் நோட்டீஸுக்குப் பழைய சட்டம், புது வருமானத்துக்குப் புதுச் சட்டம் என இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டும். சீனியருக்கும் புதுசு, ஜூனியருக்கும் புதுசு. ஆர்வமுள்ள மாணவர் முன்னே வர நல்ல நேரம்.

எல்லா 'ஆடிட்டர் ஆபீஸும்' ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர்களில் வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவர் எல்லோரையும் 'ஆடிட்டர்' என்றே அழைப்பது வழக்கம். வரி ஆலோசகர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆகியோர் சட்டப்படி தொழில் செய்பவர்கள்தான். ஆனால், அவர்களிடம் வேலை பார்த்த காலம் சிஏ பயிற்சியாகக் கணக்கில் வராது. முழுநேரத் தொழில் சான்று வைத்திருக்கும் பட்டயக் கணக்காளரிடம், முறையாகப் பதிவு செய்து எடுக்கும் பயிற்சிக்கு மட்டுமே மதிப்பு.

'முதல்ல வேலையைக் கத்துக்கப்பா, ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொன்னால் உஷாராக வேண்டும். பதிவாகாத மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

இதற்கு நேர்மாறான ஆபத்து, 'டம்மி ஆர்ட்டிகிள்ஷிப்'. பெயரளவில் பதிவு செய்துவிட்டு, அலுவலகம் போகாமல் வீட்டிலோ கோச்சிங்கிலோ படிப்பது. ஃபைனலுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறதே என்று சிலர் இதைக் குறுக்குவழியாகப் பார்க்கிறார்கள். இது விதிமீறல். பிரின்சிபல், மாணவர் இருவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். அதைவிட, முதல் வேலைக்கான நேர்காணலில் 'நீங்க செய்த ஒரு தணிக்கையைச் சொல்லுங்க' என்ற கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப்போடு ஒப்பிட்டால்?

2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில், 21 முதல் 24 வயதுள்ள பி.காம் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். 12 மாதம், மாதம் ரூ.5,000. அதில் ரூ.4,500 மத்திய அரசு தரும், ரூ.500 நிறுவனம் தரும். கூடவே ஒருமுறை ரூ.6,000.

அதாவது, சிஏ இன்டர்மீடியட்டின் ஆறு தாள்களையும் தேறிய மாணவருக்குப் புதுக்கோட்டையில் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை, அந்தத் தேர்வே எழுதாத பி.காம் பட்டதாரிக்கு இந்தத் திட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஒன்றில் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. மற்றொன்றில் முழுத் தொகையும் ஒரு சிறிய அலுவலகத்தின் பாக்கெட்டிலிருந்து வரவேண்டும். மூன்று, நான்கு பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தால் பெருநகர நிறுவனத்தின் அளவுக்குக் கொடுக்க முடியாது என்பதும் நியாயம்தான்.

ரூ.5,000 கொடுத்தும் அந்தத் திட்டத்தின் முதல் சுற்றில் சுமார் 8,700 பேர்தான் கடைசியில் சேர்ந்தார்கள். தொலைவான இடம், நீண்ட காலம் ஆகியவை பலர் பின்வாங்கியதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றால் ரூ.5,000-மே போதவில்லை. அப்படியிருக்க, ரூ.4,000-ஐ நம்பிச் சென்னைக்குப் போவது எப்படி?

இந்த மண்ணுக்குப் புதிதில்லை

கணக்கு கற்க இளம் வயதில் வேலைக்குச் சேர்வது புதுக்கோட்டைப் பகுதிக்குப் பழக்கமான விஷயம். அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்த ராமச்சந்திரபுரம், ராயவரம், கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் உண்டு. அந்தக் கடைகளில் முதல் படி 'பெட்டியடிப் பையன்'. அடுத்த படி 'அடுத்தாள்'. அதற்கு மேல் கடையை நடத்தும் 'மேலாள்'. பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் வேலை செய்துகொண்டேதான் கற்றார்கள். மூன்று ஆண்டுத் தவணைக்கு மேலாளை அனுப்புவதும் அங்கே வழக்கம்.

ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்தில் வேலையும் தங்கலும் சாப்பாடும் 'கிட்டங்கி' என்ற ஒரே கூரையின் கீழ் நடந்தன. கடல் கடந்து போன பையனின் வயிற்றுப்பாடு கடையைச் சேர்ந்தது. இன்று சென்னைக்குப் போகும் மாணவரின் வயிற்றுப்பாடு, புதுக்கோட்டையில் இருக்கும் அவருடைய அப்பா அம்மாவைச் சேர்ந்தது.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

• பயிற்சி தருபவர் முழுநேரத் தொழில் சான்று வைத்திருக்கும் சிஏ-தானா? ஐசிஏஐ-யில் சரிபார்க்கலாம்.

• படிவம் 103 எப்போது பதிவாகும்? 30 நாள் கெடு தாண்டக்கூடாது.

• உதவித்தொகை வங்கிக் கணக்குக்கோ காசோலையாகவோ வருகிறதா? 'கையில வாங்கிக்க' என்பது வேண்டாம்.

• சேர்த்துக்கொள்ள உங்களிடம் பணம் கேட்கிறார்களா? பயிற்சிக்காக மாணவரிடம் பணம் வாங்க விதியில் இடம் இல்லை.

• கடந்த ஓராண்டில் அந்த அலுவலகம் என்ன வேலைகள் செய்தது? தணிக்கை எவ்வளவு, தாக்கல் எவ்வளவு? அங்கே ஏற்கெனவே இருக்கும் மாணவரிடம் கேட்டால் உண்மை தெரியும்.

• கூடவே வேறு படிப்பு படிக்கிறீர்களா? ஐசிஏஐ அனுமதி தேவை. பகல் நேரக் கல்லூரியும் 35 மணி நேர வேலையும் ஒத்துப்போகாது. அதனால்தான் பலர் தொலைநிலைக் கல்விக்குப் போகிறார்கள்.

• வேலை நேரம் எவ்வளவு? 2024-ல் புணேயில் 26 வயது இளம் சிஏ ஒருவர் இறந்த பிறகு, தணிக்கைத் துறையின் பணிச்சுமை நாடு முழுக்கப் பேசப்பட்டது. சீசனில் நேரம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆண்டு முழுவதும் சீசன் என்றால் யோசிக்க வேண்டும். புகார் இருந்தால் ஐசிஏஐ-யின் 'இ-சஹாயதா' தளத்தில் பதிவு செய்யலாம்.

ஊர் திரும்பி ஆபீஸ் போட நினைத்தால்?

புதிய திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. 2 ஆண்டுப் பயிற்சி முடித்து சிஏ ஆனவர் உடனே சொந்தமாகத் தொழில் தொடங்க முடியாது. தொழில் சான்று வாங்க, தேறிய பிறகு ஒரு சிஏ நிறுவனத்தில் ஓராண்டு அனுபவம் வேண்டும். கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கு இது பிரச்சினை இல்லை. புதுக்கோட்டையிலோ ஆலங்குடியிலோ போர்டு மாட்டும் கனவோடு படிப்பவருக்கு, குறைந்ததாகச் சொல்லப்பட்ட அந்த மூன்றாவது ஆண்டு வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. நல்ல விஷயம், அப்போது அவர் சிஏ. சம்பளம் பேசி வாங்கலாம்.

மாணவருக்கு இப்போதைக்கு நடைமுறையான விடை ஒன்றுதான். வீட்டிலிருந்து போகும் தூரத்தில் தணிக்கை வேலை உள்ள நல்ல அலுவலகம் கிடைத்தால், ரூ.2,000 என்பதற்காக அதைத் தட்டிவிட வேண்டாம். பெரிய நிறுவன அனுபவம்தான் வேண்டும் என்றால், கிடைக்கும் தொகையையும் ஆகும் செலவையும் மாதவாரியாக எழுதி, வீட்டில் காட்டிப் பேசிவிட்டுப் போகலாம்.

விதியை எழுதுபவர்களுக்கு வேறு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தொகையை ஊரின் தலை எண்ணிக்கையோடு கட்டிவைத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எந்த ஊரிலும் பயிற்சி எடுக்கலாம். வசதி இல்லாதவர்கள் வீடு இருக்கும் ஊரில்தான் எடுக்க முடியும். சொந்த ஊரைவிட்டு வரும் மாணவருக்குத் தனியாகத் தங்கும் படி தருவது, பிரதமர் திட்டத்தைப் போல அரசு ஒரு பங்கை ஏற்பது என்று யோசிக்க வழிகள் இருக்கின்றன. அதுவரை இந்த ஐந்தொகையில் பற்று வைப்பது பெற்றோரின் கணக்கில்தான்.